சேற்றுக் குளிரில் மலைச் சைக்கிள்: நீர்புகா பூட்ஸா, ஓவர்ஷூவா, நீர்புகாக் காலுறையா?

அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். அந்த வாரமே எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த ஆண்டு இருவர் கேட்டார்கள். ஒருவர் குரோய்டனில் இருக்கும் தம்பி. ஷூவின் அடியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலில் ஓட்டுபவர். "அண்ணா, இருநூறு பவுண்டு கொடுத்து நீர்புகா பூட்ஸ் வாங்கலாமா, இல்லை இருக்கிற ஷூவுக்கு மேல் ஓவர்ஷூ போட்டுச் சமாளித்துவிடலாமா?" என்றார். இன்னொருவர் நியூ மோல்டனில் இருக்கும் அக்கா. ஷூவைப் பூட்டாமல் ஆணிகளால் பிடிக்கும் தட்டைப் பெடலில் மாதம் இரண்டு முறை காட்டுப் பக்கம் போகிறவர். "மலையேறும் பூட்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதுவே போதாதா?" என்று கேட்டார்.

இருவருக்கும் பதில் வேறு வேறு. ஆனால் பணத்தைக் கையில் எடுக்கும் முன் இருவரும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான். அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓட்டுவது பெரும்பாலும் லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் சர்ரே மலைகளில். பீஸ்லேக் ஊரிலிருந்து ஏறி, ஹோம்பரி மலை, பிட்ச் மலை, லீத் மலை என்று சுற்றும் பாதைகள். 294 மீட்டர் உயரமுள்ள லீத் மலை நம் ஊர்க் கணக்கில் ஒரு குன்றுதான். உயரம் இங்கே சிக்கலில்லை, ஈரம்தான் சிக்கல். டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 3 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும். வெண்பனி அபூர்வம். மழையும் சேறும் அன்றாடம். மேலே மணல் கலந்த மண் என்பதால் நீர் வடிந்துவிடும். கீழே இறங்கினால் களிமண், சக்கரம் பாதி புதையும். கீழே சொல்வதெல்லாம் முதன்மையாக இந்த வகைக் குளிருக்கு.

## கால் எந்த வழியாக நனைகிறது?

கடைக்காரர் சொல்லும் "நூறு சதவீதம் நீர்புகாது" என்ற வாக்கியம் ஷூவின் துணியைப் பற்றியது. நம் கால் நனைவதோ பெரும்பாலும் துணி வழியாக அல்ல.

முதல் வழி, முன்சக்கரம் அள்ளி வீசும் நீர். அது நேராக விரல்முனையில்தான் அடிக்கிறது. முன் ஃபோர்க்கில் கட்டும் சின்ன மட்கார்டு கண்ணைக் காக்கும், காலைக் காக்காது. இரண்டாம் வழி, குட்டையும் ஓடையும். பெடல் கீழே வரும்போது பாதம் அப்படியே முங்கி எழும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. மழைநீர் கால்சட்டை வழியாக இறங்கி, கணுக்காலைத் தொட்டு, ஷூவின் வாய் வழியாக உள்ளே போகிறது. நான்காவது, கிளிப் ஷூக்களின் அடியில், பெடலில் பூட்டும் கிளீட் என்ற துண்டைத் திருகும் துளைகள். ஐந்தாவது வியர்வை. உடலிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக அடர்ந்திருக்கும் இடங்களில் பாதம் ஒன்று.

வியர்வைக்கு வழிவிடத்தான் சவ்வு வைத்த ஷூக்கள் வந்தன. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சூடாக்கிய டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது நுண்துளைகள் நிறைந்த பொருள் ஒன்று கிடைத்தது. கோர்-டெக்ஸின் பிறப்பு அதுதான். நீர்த்துளி அந்தத் துளைகளில் நுழையாது, நீராவி வெளியேறும். ஆனால் நீராவி வெளியேற வேண்டுமென்றால் வெளிப்புறத் துணி ஓரளவு உலர்ந்திருக்க வேண்டும். ஷூவின் மேல் அரை அங்குலத்துக்குச் சேறு அப்பியிருந்தால், அல்லது வெளித்துணியே நீரை உறிஞ்சி ஊறிப்போனால், ஆவிக்கு வழியில்லை. வியர்வை உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. "மூன்று மாதத்திலேயே ஒழுகுகிறது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஷூக்களில் சில ஒழுகவே இல்லை என்பது என் எண்ணம். உள்ளே இருப்பது ஓட்டியவரின் வியர்வை.

ஈரம் ஏன் இவ்வளவு பொருட்டு? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களின் பாதங்கள் கெட்டுப்போனதற்கு உறைபனி காரணமில்லை. உறைநிலைக்கு மேலான குளிரில் நாள்கணக்காக ஈரத்தில் நின்றதுதான் காரணம். மூன்று மணி நேர ஓட்டத்தில் அந்த நிலை வராது. ஆனால் விரல் மரத்துப்போனால் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வேர்கள் நிறைந்த இறக்கத்தில் அது விழுவதற்குப் போதும்.

## எதை வைத்து அளப்பது?

நான் ஆறு விஷயங்களைப் பார்க்கிறேன். ஷூவின் வாய் எவ்வளவு உயரம். உள்ளே விரல்கள் அசைய இடம் இருக்கிறதா. உங்கள் பெடல் எது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க எப்படி. ஒரு முறை நனைந்தால் உலர எவ்வளவு நேரம். மாதத்தில் எத்தனை நாள் போடப் போகிறீர்கள். விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன், ஏனென்றால் ஒட்டிய விலைக்கும் உண்மையில் ஆகும் செலவுக்கும் நடுவில் இடைவெளி அதிகம்.

| வழி | சுமாரான விலை (பவுண்டு) | நீர்த் தடுப்பு | சூடு | நடப்பதற்கு | உலர |
|---|---|---|---|---|---|
| உயரக் கழுத்து நீர்புகா பூட்ஸ் | 150–250 | மிக நன்று, வாய் வழியாகப் புகாதவரை | மிக நன்று | நன்று | ஒன்றிரண்டு நாள் |
| நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) ஓவர்ஷூ | 30–50 | நடுத்தரம் | நன்று | மோசம் | ஓர் இரவு |
| நீர்புகாக் காலுறை, பழைய ஷூ | 30–50 | நன்று | நடுத்தரம் | ஷூவைப் பொறுத்தது | ஓர் இரவு. ஷூவுக்குக் கூடுதல் |
| மலையேறும் பூட்ஸ், தட்டைப் பெடல் | கையில் இருந்தால் 0 | நன்று | நன்று | மிக நன்று | ஒன்றிரண்டு நாள் |

## உயரக் கழுத்து நீர்புகா பூட்ஸ்

வாரம் தவறாமல் ஓட்டுபவருக்கு இதற்கு ஈடு இல்லை. ஷிமானோவின் எம்டபிள்யூ7, நார்த்வேவ், லேக், ஃபிசிக் நிறுவனங்களின் குளிர்கால வகைகள் எல்லாம் கிளிப் பெடலுக்கானவை. தட்டைப் பெடலுக்கு ஃபைவ் டென் டிரெயில்கிராஸ் கோர்-டெக்ஸ் போல, கணுக்காலை இறுகப் பிடிக்கும் பட்டையோடு வருபவை இருக்கின்றன. இவற்றில் பலவற்றின் உள்ளே சவ்வோடு மெல்லிய வெப்பக் காப்பும் சேர்ந்திருக்கும். காற்று உள்ளே போகாது என்பதே பாதி வெற்றி.

கழுத்து உயரம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று குளிர்காலத்துக்கு முன் தாழ்ந்த வாயுள்ள நீர்புகா ஷூ ஒன்றை வாங்கினேன். பார்வைக்குச் சாதாரண ஷூ போலவே இருந்தது. முதல் இரண்டு ஓட்டங்களில் கால் காய்ந்தே இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில், பாதைக்குக் குறுக்கே ஓடிய ஓடையில் ஒரு தடவை காலை ஊன்றினேன், அவ்வளவுதான். கோம்ஷல் ரயில் நிலையத்தில் வண்டிக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தபோது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு தம்ளர் அளவுக்குப் பழுப்பு நீர், கூடவே ஒரு பீச் மர இலை. விரல்கள் வெளுத்துச் சுருங்கி, நடைமேடையின் சிமெண்டுத் தரையை மிதித்தால் உணர்வே இல்லை. நீரை உள்ளே விடாத அதே சவ்வு, உள்ளே போன நீரை வெளியேயும் விடவில்லை. வலை வைத்த கோடைக்கால ஷூவாக இருந்திருந்தால் நாலு மிதியில் வடிந்திருக்கும். எனவே தாழ்ந்த வாயுள்ள நீர்புகா ஷூ வாங்காதீர்கள். ஈரமான கோடைக்குக் கூட எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உயரக் கழுத்தாக இருந்தாலும், கால்சட்டையின் நுனி பூட்ஸின் மேல் படிய வேண்டும், உள்ளே செருகக் கூடாது. கூரையின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது போல. இதைச் செய்யாமல் பூட்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது, அளவு. உங்கள் வழக்கமான அளவில் வாங்கினால் தடித்த கம்பளிக் காலுறையோடு கால் இறுகும். இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், இருநூறு பவுண்டு பூட்ஸில் விரல் மரக்கும். ஐரோப்பிய அளவில் ஒன்று கூட்டியே போட்டுப் பாருங்கள். என்னைப் போல முன்பாதம் அகன்றவர்களுக்கு லேக் நிறுவனம் அகல அளவும் தருகிறது. இரண்டாவது, கிளீட். புது பூட்ஸுக்குப் புது கிளீட் வேண்டும், அல்லது ஒவ்வொரு பருவத்திலும் கழற்றி மாட்ட வேண்டும். கிளீட் திருகும் தகடு உலோகம். அது பாதத்தின் சூட்டை உறிஞ்சிப் பெடலுக்குக் கொடுத்துவிடும். அதைச் சுற்றியுள்ள துளை வழியாக நீரும் கசியும். உள் அட்டையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நீர்புகா ஒட்டுத்தாளை ஒட்டி, மேலே கம்பளி உள் அட்டை ஒன்றை வைத்தால் பாதிக் குளிர் குறைகிறது. பத்துப் பதினைந்து பவுண்டு இதற்குத் தனியாக வையுங்கள்.

மூன்றாவது, நேரம். உள்ளே நனைந்தால் ஒரே இரவில் உலராது. சனியும் ஞாயிறும் தொடர்ந்து ஓட்டுபவர் என்றால் ஞாயிறு காலை ஈர பூட்ஸில்தான் கால் நுழையும். ரேடியேட்டர் மேல் வைத்துக் காய்ச்சினால் பசை விட்டுப்போகும், அடிரப்பர் இறுகிப்போகும். நாளிதழைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். விரல்முனை வரை போக வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் மறுநாளைக்கு ஓரளவு தேறும்.

வாரம் ஒன்று அல்லது அதற்கு மேல் ஓட்டுபவர், இரவு விளக்கு போட்டு ஓட்டுபவர், அதே ஷூவில் வேலைக்கும் சைக்கிளில் போகிறவர் ஆகியோருக்கு இதுவே சரி. நன்றாகக் கழுவி வைத்தால் பல குளிர்காலம் வரும். ஆண்டுக்கு ஏழெட்டு ஓட்டத்துக்கு இது பெரும்பாலும் அலமாரிக்குள் கிடக்கும் பணம்.

## ஓவர்ஷூ

சாலையில் ஓட்டுபவர்களுக்கு அருமையான பொருள். காட்டுப் பாதையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நியோப்ரீன் தடிப்பாக இருப்பதால் சூடு கிடைக்கும், காற்று நிற்கும், விரலில் அடிக்கும் சக்கர நீரும் நிற்கும். ஆனால் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கிளீட்டுக்கும் குதிகாலுக்கும் துளை விட்டுத்தானே தைக்க முடியும்? ஓடையில் கால் வைத்தால் நீர் கீழிருந்து ஏறிவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை நடப்பது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால், கல்லும் வேரும் உரசி முன்நுனி கிழியும். சேறு ஷூவுக்கும் உறைக்கும் நடுவில் புகுந்து, ஜிப்பை அடைத்துக்கொள்ளும். மரத்துப்போன விரல்களால் அந்த ஜிப்பைத் திறக்கப் போராடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தட்டைப் பெடலில் ஓட்டுபவர் இதை நினைக்கவே வேண்டாம். பெடலின் ஆணிகள் உறையைக் குதறிவிடும், பிடிமானமும் போய்விடும்.

ஒரே குளிர்காலத்தில் கிழிந்தால் நாற்பது பவுண்டு, ஐந்து ஆண்டில் இருநூறு. தம்பி கணக்குப் போட்டது முதல் ஆண்டுக்கு மட்டும். கால்வாய்க் கரை, சரளைக் காட்டுச் சாலை என்று இறங்கி நடக்கத் தேவையில்லாத பாதையில், கிளிப் ஷூவில் ஓட்டுபவருக்கு மட்டும் ஓவர்ஷூ நல்ல தேர்வு.

## நீர்புகாக் காலுறை

சீல்ஸ்கின்ஸ், டெக்ஸ்ஷெல் போன்ற நிறுவனங்கள் செய்பவை. வெளியே நைலான் பின்னல், நடுவில் சவ்வு, உள்ளே மெரினோ கம்பளி என்று மூன்று அடுக்கு. கையில் எடுத்தால் காலுறை போலவே இருக்காது, மொறமொறவென்று சத்தம் போடும். போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஆனால் மறந்துவிடும்.

குறைந்த செலவில் மிக அதிகம் கிடைப்பது இதில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஷூ நனையட்டும், நிறைய நனையட்டும். நீர் உள்ளே வந்து வெளியே போகட்டும். கால் மட்டும் காய்ந்திருக்கும். கோடையில் பழகிய அதே ஷூ, அதே பெடல், அதே பிடிமானம். சவ்வு ஷூவின் துணிக்குள் இல்லாததால், ஷூ கிழிந்தால் ஷூவை மட்டும் மாற்றலாம்.

குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. இது நீரைத் தடுக்கும், குளிரை அதிகம் தடுக்காது. 5 டிகிரிக்குக் கீழே, ஊறிய ஷூ காற்றில் ஆறி ஆறிக் குளிரும். காலுறைக்குள் கால் காய்ந்திருந்தாலும் சில்லென்று இருக்கும். அப்போது உள்ளே மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று சேர்த்துப் போடலாம், ஷூவில் இடம் இருந்தால். இடமில்லாமல் திணித்தால் மேலே சொன்ன இரத்த ஓட்டப் பிரச்சினைதான். காலுறையின் வாய் வழியாக நீர் புகுந்தால் இதுவும் குடம்தான். ஆடுசதையின் பாதி வரை உயர்ந்த வகையாகப் பாருங்கள். சிலவற்றில் வாயின் உட்புறம் ரப்பர் பட்டை இருக்கும், அது நல்லது.

இன்னொன்று, பராமரிப்பு. நீண்ட கால் நகம் சவ்வைக் குத்தும். ஷூவுக்குள் புகும் மணல் வெளியிலிருந்து அராவும். துணி மென்மையாக்கி ஊற்றித் துவைத்தால் சவ்வின் துளைகள் அடையும். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மிதமான சூட்டு நீரில் துவைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். சோதிப்பது எளிது: காலுறையில் நீர் ஊற்றி மேலே தூக்கிப் பிடியுங்கள், ஓட்டை இருக்கும் இடம் தானே சொல்லும்.

ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக்கொள்ளும் பழைய வழி இங்கே பலருக்கும் தெரியும். நானும் செய்திருக்கிறேன். காற்றையும் நீரையும் தடுக்கும், வியர்வையை அப்படியே வைத்திருக்கும். ஒரு மணி நேரம் தாங்கும். அவசரத்துக்குப் பையில் இரண்டு வைத்திருப்பதில் தவறில்லை.

## மலையேறும் பூட்ஸ்

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கையில் இருப்பதைப் பயன்படுத்துவது நல்ல குணம். உயரக் கழுத்து, சவ்வு, தடித்த தோல் எல்லாம் அதில் இருக்கின்றன. தள்ளிக்கொண்டு நடக்க அதைவிடச் சிறந்தது இல்லை.

ஆனால் அதன் அடி மண்ணைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது, பெடலைப் பிடிப்பதற்காக அல்ல. ஆழமான பள்ளமும் மேடுமாக, இறுகிய ரப்பரில் இருக்கும். தட்டைப் பெடலின் ஆணி பதிய வேண்டுமென்றால் அடி ஏறக்குறைய சமமாகவும், ரப்பர் மென்மையாகவும் இருக்க வேண்டும். பாறையேறிகளுக்காக ரப்பர் செய்து தொடங்கிய ஃபைவ் டென் நிறுவனம் சைக்கிள் உலகில் பெயர் பெற்றதே இந்தப் பிடிப்பால்தான். மலையேறும் பூட்ஸில் வேர்கள் மீது குதித்து இறங்கினால் கால் பெடலை விட்டு எகிறும், ஆணி முன்னங்காலைக் கிழிக்கும். அந்தத் தழும்பு என் வலது காலில் இருக்கிறது. நீண்ட கயிறு சங்கிலியில் சிக்கும் ஆபத்தும் உண்டு. முடிச்சுப் போட்டு உள்ளே செருகிவிடுங்கள்.

அகலமான காட்டுச் சாலையில் பொடிநடையாக ஓட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். ஒற்றையடி இறக்கத்துக்குப் போதாது.

## பனி பொழியும் ஊர்களில்

டொரண்டோவில் டான் பள்ளத்தாக்குப் பாதைகளில் ஓட்டும் நம் ஆட்கள் மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மைனஸ் 10 டிகிரியில் பனி உலர்ந்த பொடி. உருகினால்தானே நனைக்கும்? அங்கே சவ்வைவிடக் காப்பும் உள்ளிடமும் முக்கியம். மின்னசோட்டாவில் பிறந்த 45நார்த் நிறுவனத்தின் பூட்ஸ் அந்தக் குளிரை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. ஓவர்ஷூவும் நீர்புகாக் காலுறையும் அங்கே தனியாக நின்று தாங்காது. ஆனால் மார்ச்சில் பனி உருகிச் சேறாகும் மூன்று நான்கு வாரங்கள் சர்ரேயைப் போலத்தான் இருக்கும்.

## சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

நம்மவர்களில் சர்க்கரை நோய் அதிகம், ஆகவே இதைத் தனியாகச் சொல்கிறேன். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் குளிரும் தெரியாது, இறுக்கமும் தெரியாது, தோல் உரிவதும் தெரியாது. மின்சாரத்தில் சூடாகும் காலுறையை யாராவது அன்பளிப்பாகத் தந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். சுடுவதும் தெரியாது. ஓட்டம் முடிந்ததும் காரிலோ ரயிலிலோ உட்காரும் முன் காலுறையை மாற்றி, விரலிடுக்குகளைக் கண்ணால் பாருங்கள். இவர்களுக்கு எந்த விலையாக இருந்தாலும் அளவு தாராளமான, உயரக் கழுத்து பூட்ஸ்தான்.

## இருவருக்கும் நான் சொன்னது

தம்பி ஞாயிறும் ஓட்டுகிறார், புதன் இரவும் ஓட்டுகிறார். ஓவர்ஷூ வேண்டாம், பூட்ஸ் வாங்கு, ஒரு அளவு கூட்டி வாங்கு என்றேன். அக்காவுக்கு இருக்கிற தட்டைப் பெடல் ஷூவோடு ஆடுசதை வரை வரும் நீர்புகாக் காலுறை ஒரு ஜோடி. மலையேறும் பூட்ஸ் குடும்பத்தோடு ரிச்மண்ட் பூங்காவைச் சுற்றும் நாள்களுக்கு.

தம்பிக்கு அவசரமில்லை என்றால் பிப்ரவரி கடைசி வரை பொறுக்கச் சொன்னேன். கடைகள் குளிர்காலச் சரக்கைக் கழிக்கும் காலம் அது, விலை இறங்கும். ஆனால் 42, 43 அளவுகள்தான் முதலில் தீர்ந்துபோகும். மாலையில் போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பூட்ஸை முழுவதும் இறுக்கிய பிறகு ஐந்து விரல்களையும் பியானோ வாசிப்பது போல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விரல் அசையாவிட்டாலும் அடுத்த அளவைக் கேட்கலாம்.